இரண்டு இடது கைகள்

2024 மே 16. உக்குவளை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள தையல் கடையில், ஜுனைதீனின் நிக்காஹ் சட்டைக்கு இரண்டு கைத்துண்டுகளும் இடது கைகளாகவே வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. துணியைப் புரட்டிப் போடாமல் வெட்டிய பஸ்லி, தன் காமிக்ஸ் புத்தகத்தைக் கத்தரிக்கோலுக்கு அடியில் தள்ளுகிறான். அவன் அக்கா றுஸைனா மடியில் பழைய நாவலோடு மெஷின் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஊசி வெயிலில் மின்னுகிறது. "துணியில டேமேஜ்னு சொல்லிருவமா, ராத்தா?" "ஒன் காமிக்ஸ் ஹீரோ ஊரையே காப்பாத்துவான், முகமூடியக் கழட்ட மாட்டான். இந்த நாவல்ல வாறவ கோழை. ஆனா கடைசியில, நான்தான் பொய் சொன்னேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னா." "பொறகு அவளோட யாரும் பேசல்லன்னு நீதானே சொன்ன!" "பேசல்லதான்." றுஸைனா சிரிக்கிறாள். வாசலில் ஜுனைதீன் செருப்பைக் கழற்றுகிறார். பஸ்லி கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து மேசையில் வைக்கிறான். "ஜுனைதீன் நானா, நான்தான் பிழையா வெட்டிட்டேன்." வேறு துணி எடுக்க மாத்தளைக்குப் போகும் மோட்டார் சைக்கிளில், ஜுனைதீனுக்குப் பின்னால் பஸ்லி உட்கார்ந்திருக்கிறான்.