ஷரீஃப் பாயின் ஒரு லட்சம்

“இல்லன்னு சொல்லு. வாலாஜாபாத் போயிருக்கிறாருன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

வாசலில் ஷரீஃப் பாய் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கக்கத்தில் ரெக்ஸின் பை.

உலகத்தில் கடன் வாங்கியவர்கள்தான் ஒளிவார்கள். எங்கள் வீட்டில் கொடுத்தவர் ஒளிவார்.

காரணம் இருக்கிறது. இது ஷரீஃப் பாயின் வீடு. 1995-இல் அப்பா பி.எஃப். லோன் போட்டு, அம்மாவின் சங்கிலியையும் விற்று, அவரிடம் ஒரு லட்சம் கொடுத்துப் போக்கியத்துக்குக் குடி வந்தார். போக்கியம் என்றால் வாடகை கிடையாது, வட்டியும் கிடையாது. பணம் அவரிடம், வீடு நம்மிடம். மூன்று வருடம் கழித்து அவர் பணத்தைத் திருப்பித் தந்தால் நாம் வீட்டைத் திருப்பித் தர வேண்டும்.

தரவில்லையென்றால் இன்னும் மூன்று வருடம்.

அப்படிப் பத்து தடவை மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. நான் பிறந்தது நான்காவதில்.

அந்த ஒரு லட்சத்தில் அன்றைக்கு முசரவாக்கத்தில் இரண்டு மனை வாங்கியிருக்கலாம் என்று அம்மா சொல்வாள். தினமும் சொல்வாள். இன்றைக்கு அதே ஒரு லட்சம், பக்கத்துத் தெருவில் ஒற்றை பெட்ரூம் போர்ஷனுக்கு அட்வான்ஸ். வாடகை பதினோராயிரம் தனி. கண்டக்டராக ரிட்டையர் ஆன அப்பாவின் பென்ஷனில் அது போக மீதியில் நாங்கள் சாப்பிடலாம். ஒரு வேளை.

ஆகவே, பாக்கிச் சில்லறை கேட்கும் பயணிகளிடமிருந்து முப்பது வருடம் தப்பித்த மனிதர், பாக்கியைக் கொடுக்க வருபவரிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்தார். பாயும் நல்ல மனிதர். வருவதாக முதல் நாளே போன் செய்துவிடுவார்.

வந்தவர் உடனே உட்காரவில்லை. முதலில் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம்.

சிவப்பு சிமெண்டுத் தரையை வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தார். சமையலறை அலமாரிக் கதவை ஒருமுறை திறந்து மூடினார். கிறீச்சென்றது. திருப்தியாகத் தலையசைத்தார்.

ஹாலில் ஓரிடத்தில் மட்டும் தரை வேறு நிறம். அவருடைய அப்பா காலத்தில் அங்கே தறிக்குழி இருந்ததாம். மூடி நாற்பது வருடம் ஆகிறது. நான் அதன்மேல்தான் பாய் விரித்துத் தூங்குகிறேன். ஷரீஃப் பாய் மட்டும் உள்ளே விழுந்துவிடுவாரோ என்பதுபோல அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

கொல்லைப்புறச் சிமெண்டில் நான்கு பூனைக் கால்தடங்கள் இருக்கின்றன. பூசின அன்றைக்கே நடந்துவிட்ட பூனை. அவருடைய தங்கை பல்கீஸ் வளர்த்தது. எங்கள் ஒரு லட்சம் பல்கீஸின் நிக்காஹுக்குத்தான் போயிற்று.

பாத்ரூம் கதவு அங்கிருந்து இரண்டடி. உள்ளே அப்பா மூச்சு விடவில்லை.

“அப்பல்லாம் ஒரு லட்சம்னா ஜனங்க எழுந்து நிப்பாங்கப்பா. இப்ப அது ஓரமா நின்னுக்கினு இருக்குது” என்றார் பாய், பூனையிடம் சொல்வதுபோல.

வீட்டை விற்றுவிடலாமே என்று கேட்காதீர்கள். பத்திரம் இன்னும் அவருடைய தாத்தா பெயரில் இருக்கிறது. பங்குக்குப் பதினேழு பேர். அதில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்ற பதினாறு பேருக்கும் தெரியாது. போக்கியத் தொகையையாவது அவர் எங்களிடம் ஏற்றிக் கேட்கலாம். ஆனால் ஏற்றி வாங்கினால் ஏற்றித்தான் திருப்ப வேண்டும். அவர் ஒலிமுகமது பேட்டையில் ஒரு போர்ஷனில் இருக்கிறார். அறுநூறு ரூபாய் வாடகைக்குப் போனார். இப்போது ஒன்பதாயிரம்.

டீ வந்தது. குடித்து முடித்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“கண்டக்டர் இல்லியா? இந்தத் தடவ முழுசா கொண்டாந்துட்டேன்பா. அவரு கையில குடுத்துட்டா என் பாரம் எறங்கிடும்.”

மூன்று வருடத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னார். அதற்கு முன்பும்.

வெயிலில் நடந்து வந்து, கொடுக்க வந்த பணத்தைக் கொடுக்க முடியாமலே திரும்பிப் போகிறார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வீடு அவருடையது. பூனைகூட அவருடையது.

கையை நீட்டினேன்.

“என்கிட்ட குடுங்க பாய். அப்பா வந்ததும் குடுத்துடறேன்.”

சமையலறையில் அம்மா டம்ளரைக் கீழே போட்டாள்.

பாய் என் கையைப் பார்த்தார். ஜிப்பை ஓர் அங்குலம் இழுத்தார். நிறுத்தினார். மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை.

பாத்ரூம் தாழ் திறந்தது.

வாலாஜாபாத்திலிருந்து அப்பா லுங்கியோடு ஓடி வந்தார்.

“பாய், பையத் தொறக்காதீங்க! நான் உள்ளதான் ஒளிஞ்சிக்கினு இருந்தேன். இந்த வயசுல வீடு தேடிக்கினு எங்க போவேன்? இன்னும் ஒரு மூணு வருஷம் விட்டுடுங்க.”

இரண்டு கையையும் கூப்பினார். செக்கிங் இன்ஸ்பெக்டரைக்கூடக் கும்பிடாதவர்.

பாயின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. ஜிப் மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் என்பவர் எப்படி இருப்பார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“சரி, உனக்கோசரம் மூணு வருஷம். அதுக்கு மேல கேக்காத, கண்டக்டர்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். உள்ளே வந்ததும் என் பின்மண்டையில் ஒன்று வைத்தார்.

“கைய நீட்டறான் பாரு, கைய. அவருகிட்ட ஏதுடா லட்சம்? போன மாச வாடகையே என்கிட்ட வாங்கிக்கினு போயிதான் கட்டினாரு.”