தண்ணீர் கேட்ட டொறத்தி

"இஞ்சாருங்கோ, தண்ணி எடுங்கோ!"

கடற்கரைக் குடையின் கீழ் சாய்கதிரையில் கால் நீட்டிப் படுத்திருந்த டொறத்தி, கண்ணைத் திறக்காமலே சொன்னாள். பக்கத்துக் கதிரையில் இருந்த அவள் கணவர் அலோசியஸ் மறுபேச்சின்றி எழுந்து, சுடுமணலில் கால் பொரியப் பொரிய பாருக்கு நடந்தார்.

அடுத்த குடையின் கீழ் இருந்து பார்த்த பிறின்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உலகக்கிண்ணத்துக்காகப் பல்கனியில் கட்டிய ஜெர்மன் கொடியைக் கழற்றிய கையோடு, கணவன் ஜோன்சனுடன் வுப்பர்டாலில் இருந்து இந்தக் கிரேக்கத் தீவுக்கு வந்தவள் அவள். சாப்பாடு, குடிவகை எல்லாம் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிய ஹொட்டேல். விடியவே துவாய் விரித்து இடம்பிடிக்கும் ஜெர்மன்காரரோடு போட்டி போட்டுக் கதிரை பிடித்தால், பக்கத்தில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்துத் தமிழ்ச் சோடி, டொறத்தியும் அலோசியஸும்! முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பாத்தியளே? வந்த நாளிலையிருந்து இதே கூத்துத்தான். அந்த மனுசன் ஓடி ஓடிச் சுமக்குது. அவ மகாராணி மாதிரிக் கிடக்கிறா."

"உமக்கேன் அந்தக் கதை? கடலைப் பாரும்," என்றான் ஜோன்சன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அலோசியஸ் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார். மறுபடியும் அதே குரல்.

"இஞ்சாருங்கோ, தண்ணி!"

பிறின்சியால் பொறுக்க முடியவில்லை. தானே போய் பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து டொறத்தியின் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்கோ அக்கா. பாவம், அண்ணை படுக்கட்டும்."

டொறத்தி சிரித்தாள். "எனக்கில்லைப் பிள்ளை. அவருக்கு."

கண்விழித்த அலோசியஸ் கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"இவ சொல்லாட்டி நான் குடிக்க மாட்டன், தங்கச்சி. வருசக்கணக்கா டயாலிசிஸ். நாக்கை நனைக்க மட்டுந்தான் தண்ணி. தண்ணியைக் கண்டாலே பயந்து பழகிப்போட்டன். அந்தக் காலம் முழுக்க இவவும் என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒரு மிடறு குடிச்சதில்லை."

பிறின்சிக்கு முகம் சுட்டது.

"இப்ப... குடிக்கலாமோ அண்ணை?"

"குடிச்சே ஆகவேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். போன வருசம் வேறை கிட்னி வைச்சாச்சு."

"மாதாவே! ஆரோ புண்ணியவான் தந்திருக்கிறான். அந்த ஆளை ஒருக்காப் போய்ப் பாத்தியளே?"

அலோசியஸ் குனிந்து, காற்றில் நழுவிய துவாயை எடுத்து மண்ணைத் தட்டி, மனைவியின் காலில் வெயில் படாமல் மூடிவிட்டார்.

"அந்த ஆளைத்தானே தங்கச்சி, ஒரு சட்டி பானையும் தொட விடாமல் இஞ்சை படுக்க வைச்சிருக்கிறன்!"