நாலு ஓட்டை, ரெண்டு ஸ்லாட்

"ஒரு ஓட்டைய ஒழுங்கா போடத் தெரியல. நீயெல்லாம் என்னா இன்ஜினீயரு?"

புருஷோத்தமன் போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞன் எழுந்தே நின்றுவிட்டான். திரையில், மோட்டார் உட்காருகிற ஒரு தகட்டின் படம். மிஷினோடு சேர்த்து முடுக்க, நாலு மூலையிலும் நாலு ஓட்டை. எல்லாம் போட வேண்டிய இடத்தில்தான் இருந்தன.

"சரியாத்தானே சார் போட்டிருக்கேன்..."

"போட்ட, போட்ட. ஆனா ஒரு வேகம் இல்ல தம்பி. கெளம்பு, சொல்லி அனுப்புறோம்."

மூலக்குளத்தில், ஒரு மாடியில் இருக்கிற டிசைன் ஆபீஸ் அது. இண்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. முதலாளி, மேனேஜர், கேள்வி கேட்கிறவர் எல்லாமே புருஷோத்தமன்தான். மகா கண்டிப்பானவர். காலையிலிருந்து வந்த ஒருத்தரையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து வந்தவள் மெரின். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் கதிர்காமத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவள். அங்கே லீவு சொல்லிவிட்டு, போகிற வழியில் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

"ஒக்காரும்மா. இந்தத் தகட்டுல நீளமா ரெண்டு ஸ்லாட்டு போடு. எதுக்குன்னு தெரியுமா?"

"மோட்டார முன்ன பின்ன நகத்தி பெல்ட்ட இறுக்கறதுக்கு சார். வட்ட ஓட்டையா போட்டா போல்ட்டு அங்கியே நின்னுடும், நகராது."

பதில் சரியாக இருந்ததில் புருஷோத்தமனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். திட்ட வழியில்லாமல் போய்விட்டது.

மெரின் திரையைப் பார்த்தாள். "சார், இத யாரோ பாதி போட்டு வச்சிருக்காங்களே?"

"அதாம்மா டெஸ்ட்டே. அடுத்தவன் விட்ட எடத்துலேர்ந்து புடிக்கத் தெரியணும்."

அவள் வேலையை ஆரம்பித்ததும் புருஷோத்தமனின் போன் அடித்தது. சேதராப்பட்டில் பேக்கிங் மிஷின் செய்கிற கம்பெனியிலிருந்து ஆதிமூலம். பழக்கமெல்லாம் போனில்தான். 'சாம்பிளா ஒரு பார்ட்டு போட்டுக் குடுங்க, புடிச்சிருந்தா முழு மிஷினும் பேசிக்கலாம்' என்று சொல்லியிருந்தார். அந்த மிஷின் கிடைத்தால் வருஷம் முழுக்க ஓடும். கிடைக்காவிட்டால் ஆபீஸுக்குப் பூட்டுதான். புருஷோத்தமன் எழுந்து ஓரமாகப் போனார்.

"சாம்பிள் ரெடியா சார்? பென்டிரைவ்ல வாங்கிக்க ஆள் அனுப்பட்டா?"

"இன்னைக்கே தரேன். என் டீம் மொத்தமும் அதுலதான் ஒக்காந்திருக்கு. ஆபீசுக்கு வழி சொல்லட்டுமா?"

"வேணாம் சார். மாடிப்படி திரும்புற எடத்துல தல இடிக்கும், குனிஞ்சி போன்னு சொல்லிடறேன்."

நம் புகழ் சேதராப்பட்டு வரைக்கும் போயிருக்கிறதே என்று புருஷோத்தமன் பூரித்துப்போனார்.

"சார், ஸ்லாட்டு முடிஞ்சிது," என்றாள் மெரின். "ஆனா இந்த மூல ஓட்டைக்கெல்லாம் ஆழத்த நம்பரா குடுத்திருக்காங்க. நாளைக்கே தகட்ட தடிமனாக்குனா ஓட்டை பாதியிலியே நின்னுடும். மறுபக்கம் வரைக்கும் போற மாதிரி மாத்திடட்டா?"

புருஷோத்தமன் ஒரு விநாடி முழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டார். "நீ கண்டுபுடிக்கிறியான்னு பாக்கத்தான் விட்டு வச்சிருந்தேன். மாத்து, மாத்து."

மாற்றினாள். கை கிழிக்காமல் இருக்க ஓரங்களையும் மழுக்கிக் கொடுத்தாள். கேட்காததையும் செய்தாள், பாவம், வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்.

"நல்லாதான் போடுற. ஆனா எங்க ரேஞ்சுக்கு இன்னும் பழகணும். சொல்லி அனுப்புறோம்."

"எப்ப சார்?"

"அனுப்புறோம்மா."

அவள் படியிறங்கியதும், வரவேற்பில் இருந்த நிர்மலாவைக் கூப்பிட்டார். "வெளிய இருக்கறவங்கள போகச் சொல்லிடு. பார்ட்டு முடிஞ்சிடுச்சி."

அந்த ஆபீஸில் டிசைனர் என்று ஒருத்தரும் கிடையாது. எதற்கு? முதலில் வந்தவன் தகடு வரைந்தான், அடுத்தவன் ஓட்டை போட்டான், மெரின் ஸ்லாட் போட்டாள். ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலில் ஓடுகிற ஆபீஸ். இதில் இளைஞர்களை ஊக்குவித்ததற்காக ஏதோ ஒரு சங்கம் கொடுத்த கேடயம் வேறு, அவர் தலைக்கு மேலே பளபளத்தது.

ஆள் வந்து பென்டிரைவ் வாங்கிப்போனான். சாயந்திரமே ஆதிமூலத்திடமிருந்து போன்.

"பார்ட்டு பிரமாதம் சார். ஒரு கொற இல்ல."

"எங்க வேலைன்னா சும்மாவா!" புருஷோத்தமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப மிஷினோட மத்த பார்ட்டு வேலையெல்லாம் எப்ப அனுப்புறீங்க?"

"மத்த பார்ட்டா? அதெல்லாம் முடிஞ்சிபோச்சே சார். வில்லியனூர்ல ஒரு ஆபீஸ், லாஸ்பேட்டைல ஒண்ணு, தட்டாஞ்சாவடில ஒண்ணு, ஆளுக்கொரு பார்ட்டு சாம்பிளா போட்டுக் குடுத்துட்டாங்க. உங்க தகடு ஒண்ணுதான் பாக்கி இருந்திச்சி. மிஷின் ரெடி."

சாய்ந்திருந்த புருஷோத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எங்களுக்கு ஆர்டரு?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல சார்."

"அடப்பாவி! அடுத்தவன் ஒழைப்ப ஓசியில உறிஞ்சி மிஷின் பண்றியே, நீ நல்லா இருப்பியா? இந்த புத்தியெல்லாம் உனக்கு எவன்யா சொல்லிக் குடுத்தான்?"

ஆதிமூலம் கொஞ்சமும் கோபப்படவில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"நானும் உங்ககிட்ட இண்டர்வியூக்கு வந்தவன்தான் சார்."