காது இரைந்த நேரம்

சில மாதங்களாகவே ஞானசெல்விக்குச் சொல்லாமல் கொள்ளாமல் காது இரையும். மீன் நறுக்கும்போதோ, சர்ச்சில் முழங்காலில் நிற்கும்போதோ, வெளிச்சத்தமெல்லாம் அமிழ்ந்துபோய்க் கம்பி இழுத்தாற்போல் ஓர் ஓசை மட்டும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து மகள் ஜெபா கூப்பிட்டாள். புருஷன் வீட்டில் அடி தாங்காமல் இரண்டு முறை ஓடிவந்தவள். இரண்டு முறையும் இவள்தான் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"அம்மா, இந்தத் தடவ அழமாட்டேன். நான் சொல்லுறத மட்டும் கேளு," என்றாள் ஜெபா.

அந்த நேரம் பார்த்துக் காது இரைந்தது. போனை மறு காதுக்கு மாற்றினாள். அதிலும் அதே ஓசை. குறுக்கே பேசினால் பிள்ளை வைத்துவிடுவாளோ என்று பயந்து பேசாமல் இருந்தாள். இரைச்சல் அடங்கியபோது கடைசி வார்த்தைதான் கேட்டது.

"சரியாம்மா?"

இன்னொரு முறை மறுக்க அவளுக்கு நா எழவில்லை. "சரி மக்களே," என்றாள்.

"இது போதும்மா," என்று ஜெபா வைத்துவிட்டாள்.

ஞானசெல்வி உடனே அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தாள். யாரோ ஓர் ஆள் எடுத்தார். "பேசிட்டுத் தாறேன்னு அந்தப் பொண்ணு வாங்கிச்சும்மா. எந்தப் பக்கம் போச்சுன்னு நான் பாக்கலியே."

உள்ளே வந்த கணவன் தங்கையா அவள் முகத்தைப் பார்த்து நின்றான். "யாரு, பிள்ளையா? என்ன சொன்னா?"

"சரியான்னு கேட்டா. சரின்னு சொல்லிட்டேன்."

"எதுக்குச் சரின்னு சொன்னட்டி?"

அவள் அந்த எண்ணையே மறுபடியும் மறுபடியும் அழுத்திக்கொண்டிருந்தாள்.