காது படைத்தவள்

"இப்பச் சொல்லு. எப்படி இருக்கு?"

அவர் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் மண்டியிட்டிருந்தார். புதிதாகச் செருகிய இரண்டு கண்ணாடிக் குழாய் வால்வுகளும் சூடேறி, ஆரஞ்சு நிறத்தில் கண் விழித்திருந்தன. இசைத்தட்டில் ஒரு பெண் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தாள்.

மனைவி கண்களை மூடிக்கொண்டாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டாள். அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பாடுற பொண்ணுக்கு ஜலதோஷங்க."

"போன ஜோடியில கீச்சுனு கத்துறாள்னு சொன்னே. அதுக்கு முன்னாடி பானைக்குள்ள தலைய விட்டுப் பாடுறாள்னு சொன்னே!"

"காதுல விழுறதைத்தானே சொல்ல முடியும்?"

அவருக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. அவர் காதுக்கு எல்லா ஜோடியும் தேனாகவே இனித்தது. கல்யாணமான நாளாக ரேடியோவைக்கூடத் திருப்பாதவளுக்கு இப்படியொரு காதா! யாராவது ஒருவர் வாயிலிருந்து 'பிரமாதம்' என்று வராமல் எந்த வால்வையும் வைத்துக்கொள்வதில்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

மாடி வீட்டுக்காரரும் அவள் கட்சிதான். தங்கமான மனிதர். "அவசரமே படாதீங்க சார், இன்னும் தேடுங்க" என்று ஒரு ஜோடியைத் தன் கைக்காசில் வாங்கி வந்து கொடுத்தவர்.

ஆனால் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். இதுதான் கடைசி ஜோடி. இதுவும் தேறாவிட்டால் ஆம்ப்ளிஃபயரைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான்.

"கழட்டிருங்க" என்றாள் மனைவி, மிகுந்த இரக்கத்தோடு.

அவர் பெருமூச்சு விட்டு, சூடான வால்வைப் பிடித்துக் கழற்றத் துணியை எடுத்தார்.

அப்போது அவள் தம்பி செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான்.

"அடேங்கப்பா! யாரு மாமா இது? பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரியே இருக்கே! பிரமாதம்!"

அவர் கையிலிருந்த துணி நழுவியது. "ஜலதோஷம் எதுவும் தெரியலையா மச்சான்?"

அக்கா தம்பியைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். இருமினாள். அவன் காலை மிதித்தும் பார்த்தாள்.

"ஏங்க்கா மிதிக்கிற? ஜலதோஷமாவது ஒண்ணாவது! மணி மாதிரி இருக்கு மாமா. இதைப் போய் யாராவது கழட்டுவாங்களா?"

அவர் கண்கள் கலங்கின. மச்சினனைக் கட்டிப்பிடித்தார். ஆம்ப்ளிஃபயரின் மூடியைப் போட்டுத் திருகாணிகளை இறுக்கினார். ஊசியைத் தூக்கிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பாடா! செட்டு சரியாகுற வரைக்கும் கூடச் சேந்து பாட மாட்டேன்னு சபதம் போட்டு எத்தனை மாசமாச்சு!" என்றபடி தொண்டையைக் கனைத்தார்.

"பாவி, உன்னை யாருடா கேட்டா?" என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள் அக்கா.

மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று சாத்தப்பட்டன.