லாந்தரை அணைக்காத துறவி

மாலை நான்கு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடுகளாகப் போட்டிருக்கிறது. அதன் நடுவே உட்கார்ந்து, என் மனைவி அருணாவின் சேலைகளைப் பைக்குள் அடுக்குகிறாள் அவள் தங்கை சிவரஞ்சனி. அருணா இறந்து ஐந்து மாதமாகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பை நிறைந்துவிட்டால், பொன்னமராவதியிலிருந்து பஸ் ஏறி இந்தத் திருக்கோகர்ணம் வீட்டுக்கு வர சிவரஞ்சனிக்குக் காரணம் எதுவும் இருக்காது. கடைசிச் சேலைக்கு அடியில் அருணா குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு கிடைக்கிறது. மேல் சீட்டைப் புரட்டுகிறாள். பனிமலை உச்சியில் சாம்பல் நிற அங்கி போட்ட கிழவர் ஒருவர், தலை குனிந்து, லாந்தரைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். "துறவி. தாடியப் பாருங்க மச்சான், ஒங்களத்தான் வரஞ்சிருக்கான்." "தனியாவே கெடன்னு அர்த்தமா?" என்கிறேன். "நானும் அக்காகிட்ட அப்படித்தான் சொன்னேன். சண்டைக்கு வந்துருச்சு. ஆளே வேணாம்னா அந்த மனுசன் வெளக்க அணைச்சிருக்க மாட்டாராடின்னு கேட்டுச்சு."

சீட்டை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்க்கிறேன். லாந்தருக்குள் ஒரு நட்சத்திரம் மஞ்சளாக எரிகிறது. தெருமுனையில் டவுன் பஸ் ஹாரன் கேட்டதும் சிவரஞ்சனி பையின் ஜிப்பை இழுத்து மூடி, செருப்பை மாட்டிக்கொள்கிறாள். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஐந்து மாதமாக வந்தவர்கள் எல்லோரும் பேசாமல்தான் எழுந்துபோனார்கள். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறாள். "போயிட்டு வாரேன் மச்சான்." "வந்துரு ரஞ்சனி," என்கிறேன். அதற்கு மேல் நன்றி சொல்லத் தெரியவில்லை.