சொன்னதைக் கேட்டவள்

"நீங்கள்லாம் கடல் அலை. இஷ்டம்போல ஆடுங்க" என்றாள் நடன டீச்சர். அடுத்த மூச்சிலேயே, "முழங்கைய மடக்காத. அலை அப்படியா திரும்பும்? என்னைப் பாத்து ஆடு" என்று ஆரம்பித்துவிட்டாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் மகள் ஓடிவந்து, கையில் எதையோ திணித்துவிட்டுத் திரும்பினாள்.

நச்சரிப்பு ஓயவில்லை. பிள்ளைகள் மரக்கட்டையாய் விறைத்து நின்றார்கள். இதுக்குப் பேர் இஷ்டமா? அம்மாவுக்கு அருவருப்பாக இருந்தது. மகள் மட்டும் எழும்பினாள், சரிந்தாள், நுரையாய்ச் சிதறினாள்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் எல்லாப் பெற்றோர் முன்னாலும் மகளின் முதுகைத் தட்டினாள். "நான் சொன்னத ஒரு வார்த்தை விடாம கேட்டது இவ ஒருத்திதான்."

அம்மா அருவருப்பை மென்று விழுங்கினாள்.

டீச்சர் நகர்ந்ததும் மகள் கை நீட்டினாள். "டீச்சர் பேசி முடிச்சிட்டாங்களாம்மா? அப்ப என் காது மெஷினக் குடு."